டாம்கேட்டுக்கு 6 ஜிபி கொடுத்தும் சத்தமில்லாமல் சாகிறது. எக்ஸ்எம்எக்ஸ் எவ்வளவு வைப்பது?

பைட்டுப்பொடி | திங்கள், இரவு 11.42

எல்லாருக்கும் வணக்கம். இரண்டு மாதமாக ஒரே தலைவலி. எங்கள் நிறுவனத்தின் உள்வேலைக்கான செயலி ஒன்று இருக்கிறது. பில்லிங், சரக்கு இருப்பு, மாதாந்திர அறிக்கை எல்லாம் அதில்தான். எழுதியவர்கள் வேலையை விட்டுப் போய்விட்டார்கள், இப்போது அது என் தலையில். டாம்கேட் 9 (ஜாவா வெப் சர்வர்), ஓபன்ஜேடிகே 11 (ஜாவா), உபுண்டு லினக்ஸ். 4 கோர், 8 ஜிபி ராம் உள்ள ஒரே விஎம் (மெய்நிகர் கணினி). மைஎஸ்க்யூஎல் தரவுத்தளமும் அதே பெட்டியில்தான் ஓடுகிறது. ஒரே நேரத்தில் 120 பேர் வரை உள்ளே இருப்பார்கள்.

முதலில் எக்ஸ்எம்எக்ஸ், அதாவது ஜாவா தன் ஆப்ஜெக்டுகளை வைக்கும் ஹீப்பின் உச்ச அளவு, 2 ஜிபி இருந்தது. மாதக் கடைசியில் "அவுட்ஆஃப்மெமரிஎரர்: ஜாவா ஹீப் ஸ்பேஸ்" என்று லாகில் வரும், செயலி உறைந்துபோகும். சரி என்று 4 ஆக்கினேன். கொஞ்ச நாள் தாங்கியது. அப்புறம் 6 ஆக்கினேன். இப்போது அந்த எரர் வருவதே இல்லை. அதற்குப் பதில், மதியம் மூன்று மணி வாக்கில் டாம்கேட் பிராசஸே காணாமல் போகிறது. கேடலினா.அவுட் கோப்பின் கடைசி வரி ஏதோ சாதாரண எஸ்க்யூஎல் லாக். ஸ்டாக் டிரேஸ் இல்லை, ஒன்றுமே இல்லை. யாரோ பிளக்கைப் பிடுங்கிவிட்ட மாதிரி.

டாம்கேட் படிக்கும் செட்என்வி கோப்பில் இப்போது இருப்பது இது (எக்ஸ்எம்எஸ் என்பது ஹீப்பின் ஆரம்ப அளவு):

ஜாவா_ஆப்ட்ஸ் = எக்ஸ்எம்எஸ் 6ஜி, எக்ஸ்எம்எக்ஸ் 6ஜி, எக்ஸ்எம்என் 2ஜி, மேக்ஸ்பெர்ம்சைஸ் 512எம், யூஸ்கான்க்மார்க்ஸ்வீப்ஜிசி

பாதி நான் போட்டது, பாதி பரம்பரைச் சொத்து. 8 ஜிபியில் 7 கொடுத்துப் பார்க்கலாமா? மேனேஜர் காலையில் கேட்பார்.

காசுகணக்கு | திங்கள், இரவு 11.58

16 ஜிபி ராம் போடுங்கள், தூங்கப் போங்கள். நீங்கள் இரண்டு மாதம் மண்டையை உடைத்த சம்பளத்துக்கு ராம் விலை கால் தூசி.

சுவிட்ச்போர்டு | செவ்வாய், நள்ளிரவு 12.20

முதலில் அந்த யூஸ்கான்க்மார்க்ஸ்வீப்ஜிசி, அதாவது சிஎம்எஸ் என்ற கார்பேஜ் கலெக்டரை (ஜிசி, மெமரிக் குப்பையைப் பெருக்குவது) தூக்குங்கள், அதெல்லாம் போன தலைமுறை. ஜாவா 17-க்குப் போய் இசட்ஜிசி என்ற புதுக் கலெக்டரைப் போடுங்கள், இடைநிறுத்தம் இருப்பதே தெரியாது. கூடவே பேரலல்ரெஃப்ப்ராக்எனேபிள்டு, ஸ்ட்ரிங் டீடூப்ளிகேஷன், அக்ரெசிவ்ஆப்ட்ஸ், சர்வைவர்ரேஷியோ 8. நான் எல்லா சர்வரிலும் இதைத்தான் ஒட்டுவேன்.

கிழட்டுப்பூனை | செவ்வாய், காலை 6.15

தம்பி, 7 கொடுக்காதீர்கள். 6-ஏ அதிகம். அதனால்தான் சாகிறது என்று நினைக்கிறேன்.

டாம்கேட் இப்படிச் சத்தமில்லாமல் போனால் கொன்றது ஜாவா இல்லை, பெரும்பாலும் லினக்ஸ் கெர்னல். பெட்டியில் மெமரி தீர்ந்ததும் கெர்னல் யாரையாவது கொன்று இடம் பிடிக்கும். கொழுத்தவன் யாரோ அவன்தான் முதல் பலி. உங்கள் பெட்டியில் கொழுத்தவன் டாம்கேட். ஜாவாவை ஓட்டும் ஜேவிஎம்முக்கு அதைப் பற்றி எதுவும் தெரியாது, கடைசி வார்த்தை சொல்லக்கூட நேரம் கிடைக்காது. கெர்னல் லாகைக் காட்டும் டிமெஸ்ஜி கட்டளையை அடித்து "அவுட் ஆஃப் மெமரி", "கில்டு பிராசஸ்" என்று தேடிப் பாருங்கள்.

அடுத்து, எக்ஸ்எம்எக்ஸ் என்பது ஹீப்புக்கு மட்டும் உள்ள வரம்பு. டாம்கேட் பிராசஸ் மொத்தமாக எவ்வளவு எடுக்கலாம் என்பதற்கான வரம்பு அது இல்லை. நான் பார்த்த பத்துப் பேரில் எட்டுப் பேர் இங்கேதான் சறுக்குகிறார்கள். ஹீப்புக்கு வெளியே என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். கிளாஸ் விவரங்கள் உட்காரும் மெட்டாஸ்பேஸ். ஓடும்போதே மெஷின் கோடாக மாற்றும் ஜேஐடி கம்பைலர் எழுதிவைக்கும் கோட் கேஷ், அதற்கு மட்டும் ஜேவிஎம் இயல்பாக 240 எம்பி வரை ஒதுக்கிவைக்கும். ஒவ்வொரு த்ரெட்டுக்கும் ஒரு ஸ்டாக், 64 பிட் லினக்ஸில் இயல்பு அளவு 1 எம்பி. டாம்கேட்டின் மேக்ஸ்த்ரெட்ஸ் இயல்பாக 200. ஸ்டாக் முழுவதும் உடனே ராமில் உட்காராது, தொட்ட பக்கம் மட்டும்தான் உட்காரும், ஆனாலும் கணக்கில் உண்டு. அப்புறம் கார்பேஜ் கலெக்டர் தன் வேலைக்கு வைத்துக்கொள்ளும் அட்டவணைகள், டைரக்ட் பஃபர்கள், சி நூலகத்தின் மாலாக் சேர்த்துவைக்கும் மிச்சம் மீதி. 6 ஜிபி ஹீப் என்றால் பிராசஸ் ஆறே முக்கால், ஏழு வரை போகும். மைஎஸ்க்யூஎல் எவ்வளவு சாப்பிடுகிறது?

எக்ஸ்எம்எஸ் 6 ஜிபி என்று போட்டும் காலையில் ஏன் சாகவில்லை என்று கேட்பீர்கள். எக்ஸ்எம்எஸ் இடத்தை வாங்கிவைக்கிறதே தவிர, ஜாவா தொடும்வரை அந்தப் பக்கங்கள் ராமுக்கு வருவதில்லை. ஆல்வேஸ்ப்ரீடச் போட்டால்தான் ஆரம்பத்திலேயே எல்லாவற்றையும் தொடும். அதனால் காலையில் ஃப்ரீ கட்டளை அடித்தால் ஏகப்பட்ட இடம் இருப்பது போலத் தெரியும், மதியம் சாயம் வெளுக்கும்.

செட்என்வி கோப்பிலும் ஒரு கோளாறு. ஹீப் அளவை ஜாவா_ஆப்ட்ஸில் வைக்காதீர்கள், கேடலினா_ஆப்ட்ஸில் வையுங்கள். டாம்கேட்டை நிறுத்தும்போது ஷட்டவுன் ஸ்க்ரிப்ட் ஒரு குட்டி ஜேவிஎம்மைக் கிளப்பித்தான் நிறுத்தச் சொல்லி சேதி அனுப்புகிறது. ஜாவா_ஆப்ட்ஸ் அந்தக் குட்டிக்கும் போய்ச் சேரும். "ஸ்டாப்" என்று ஒரு சொல் சொல்ல அதுவும் 6 ஜிபி கேட்கும். கேடலினா_ஆப்ட்ஸ் ஸ்டார்ட், ரன், டீபக் மூன்றுக்கு மட்டும்தான். சர்வரை நிறுத்தும்போது ஏதாவது தகராறு பண்ணியிருக்கிறதா?

மேக்ஸ்பெர்ம்சைஸ் செத்துப்போன சுவிட்ச். பெர்ம்ஜென் (மெட்டாஸ்பேஸுக்கு முன்பு கிளாஸ் விவரங்கள் இருந்த இடம்) 2014-இல் ஜாவா 8-ஓடு போய்விட்டது. 11-இல் ஒரு எச்சரிக்கையோடு விட்டுவிடும். நாளைக்கே 17-க்குப் போனால் ஜேவிஎம் கிளம்பவே கிளம்பாது.

சுவிட்ச்போர்டு, கோபிக்க வேண்டாம். அக்ரெசிவ்ஆப்ட்ஸும் ஜாவா 11-லேயே கைவிடப்பட்டது. நோய் தெரியாமல் மருந்துக்கடையையே வாங்கிக் கொடுக்கிறீர்கள்.

பைட்டுப்பொடி | செவ்வாய், காலை 10.05

அண்ணா, அப்படியே இருக்கிறது! டிமெஸ்ஜியில் நான்கு இடத்தில்:

அவுட் ஆஃப் மெமரி: கில்டு பிராசஸ் 2841 ஜாவா ... அனான்-ஆர்எஸ்எஸ்: 6012344கேபி

கொலை நடந்த நேரம் நான்கிலும் மதியம் 2.50-க்கும் 3.20-க்கும் இடையில்.

மைஎஸ்க்யூஎல் 2.4 ஜிபி எடுக்கிறது, அதில் இன்னோடிபி பஃபர் பூல் (தரவை ராமில் வைத்திருக்கும் கேஷ்) 2 ஜிபி. ஃப்ரீ அடித்தால் மொத்தமே 7.6 ஜிபிதான் காட்டுகிறது. நிறுத்தும்போது தகராறு பற்றிக் கேட்டீர்கள். ஆமாம், ஷட்டவுன் பல நேரம் வேலை செய்யாது, நாங்கள் கில் மைனஸ் 9 போட்டுவிடுவோம். அது டாம்கேட்டின் குணம் என்று நினைத்திருந்தேன்.

டேபிள்_துடைப்பவர் | செவ்வாய், காலை 10.31

அனான்-ஆர்எஸ்எஸ் என்பது பிராசஸ் ராமில் பிடித்திருந்த இடம். 6012344 கேபி என்றால் சுமார் 5.7 ஜிபி. 5.7-உடன் 2.4 சேர்த்தால் 8.1. உங்களிடம் இருப்பது 7.6. இதற்கு டிகிரி வேண்டாம், மளிகைக் கடை நோட்டு போதும்.

தரவுத்தளக்காரன் என்ற முறையில் ஒரு வேண்டுகோள். பஃபர் பூலைக் குறைத்து டாம்கேட்டுக்குத் தள்ளுகிறேன் என்று மட்டும் கிளம்பிவிடாதீர்கள். எப்போதும் எங்கள் தலையில்தான் கை வைப்பீர்கள்.

காசுகணக்கு | செவ்வாய், காலை 10.40

நான் நேற்றே சொன்னேன். 16 ஜிபி.

கிழட்டுப்பூனை | செவ்வாய், காலை 11.20

காசுகணக்கு சொல்வது தப்பில்லை. டாம்கேட்டும் மைஎஸ்க்யூஎல்லும் 8 ஜிபியில் முட்டிக்கொள்வது அழகில்லை, என்றைக்காவது பிரிக்கத்தான் வேண்டும். ஆனால் 2 போதாமல் 4, 4 போதாமல் 6 என்று போயிருக்கிறது. 16 போட்டால் 12 கேட்கும். 120 பேருக்கு 6 ஜிபி என்றால் ஆளுக்கு 50 எம்பி. பில் போடும் ஆளுக்கு 50 எம்பி எதற்கு? எதுவோ உள்ளே உட்கார்ந்து தின்கிறது.

எக்ஸ்எம்எக்ஸை ஊகிக்காமல் அளந்து வைக்கலாம். பார்க்க வேண்டிய எண் ஒன்றே ஒன்று: முழு ஜிசி ஓடி முடிந்த உடனே ஹீப்பில் மிச்சம் நிற்பது எவ்வளவு. உங்கள் செயலி உண்மையிலேயே கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கும் தரவு அதுதான். மற்றதெல்லாம் பெருக்கித் தள்ள வேண்டிய குப்பை. டாப் கட்டளையில் 5.7 ஜிபி என்று பார்த்து "செயலிக்கு 5.7 தேவை" என்று நினைத்தால் ஏமாந்தோம். கொடுத்த ஹீப்பை ஜாவா நிரப்பிக்கொண்டேதான் போகும், அதன் இயல்பே அது.

இன்றைக்குச் செய்ய வேண்டியது: எக்ஸ்எம்எஸ், எக்ஸ்எம்எக்ஸ் இரண்டும் 3 ஜிபி. சிஎம்எஸ் சுவிட்சையும் எக்ஸ்எம்என்னையும் எடுத்துவிடுங்கள். ஜாவா 9-இலிருந்து ஜி1 தான் இயல்பு. அது புது ஆப்ஜெக்டுகள் பிறக்கும் இளைய பகுதியின் அளவைத் தானே கூட்டிக் குறைத்து இடைநிறுத்தத்தை 200 மில்லிசெகண்டுக்குள் அடக்கப் பார்க்கும். எக்ஸ்எம்என் அந்த அளவை நிலையாக்கிவிடும், போட்டால் அதன் கையைக் கட்டிப்போட்ட மாதிரி. ஜிசி லாகை இயக்குங்கள்: எக்ஸ்லாக், ஜிசி நட்சத்திரம், ஐந்து கோப்பு, ஆளுக்கு 20 எம்பி. சுமை ஒன்றும் ஏறாது. ஹீப்டம்ப்ஆன்அவுட்ஆஃப்மெமரிஎரர் (எரர் வந்ததும் ஹீப்பை அப்படியே கோப்பாக எழுதும், அதுதான் டம்ப்) போட்டு, டம்ப் விழும் டைரக்டரியில் 5 ஜிபியாவது காலியாக இருக்கிறதா பாருங்கள். எக்ஸிட்ஆன்அவுட்ஆஃப்மெமரிஎரரும் போடுங்கள். டம்ப் எழுதிவிட்டு பிராசஸ் வெளியேறும், லினக்ஸில் சேவைகளைக் கவனிக்கும் சிஸ்டம்டி திரும்பக் கிளப்பும். பாதி செத்த நிலையில் டாம்கேட் நிற்பதைவிட அது மேல்.

3 ஜிபியில் மறுபடி ஹீப் எரர் வரும். வரட்டும், அதற்குத்தான் காத்திருக்கிறோம்.

சுவிட்ச்போர்டு | செவ்வாய், மதியம் 1.10

மருந்துக்கடை ஜோக் நன்றாக இருந்தது. சரி, ஒரு உண்மையான சந்தேகம். 3 ஜிபி கொடுத்து, ராம் போதாதபோது டிஸ்கைப் பயன்படுத்தும் ஸ்வாப் 4 ஜிபி சேர்த்தால் கெர்னல் கொல்லாதே? அது பாதுகாப்புதானே?

கிழட்டுப்பூனை | செவ்வாய், மதியம் 1.45

மற்ற நிரல்களுக்கு ஓரளவு சரி. ஜாவாவுக்கு ஸ்வாப் விஷம். சாதாரண நிரல் பழைய பக்கங்களைத் தொடாமல் விட்டுவிடும், அவை ஸ்வாப்பில் தூங்கும். ஜிசி அப்படியில்லை. முழுச் சுற்று வரும்போது ஹீப்பில் உயிரோடு இருக்கும் ஒவ்வொரு ஆப்ஜெக்டையும் தேடிப் போய்த் தொட்டுப் பார்க்கும். தூங்குகிற பக்கத்தையெல்லாம் டிஸ்கிலிருந்து எழுப்ப வேண்டும். அரை செகண்டில் முடிய வேண்டியது நிமிடக்கணக்கில் போகும். அந்த நேரமெல்லாம் செயலி நின்றுபோயிருக்கும். கெர்னல் கொன்றால் ஒரு நிமிடத்தில் திரும்ப எழுந்துவிடலாம். ஸ்வாப்பில் மாட்டினால் சாகவும் சாகாது, பிழைக்கவும் பிழைக்காது.

மேகமூட்டம் | செவ்வாய், மாலை 4.02

இழையைத் திருப்புகிறேன், மன்னிக்கவும். எங்களுடையது ஸ்பிரிங் பூட் (ஜாவா ஃபிரேம்வொர்க்), உள்ளே டாம்கேட், கன்டெய்னர்களை ஓட்டும் குபர்னெட்டிஸில் ஓடுகிறது. கன்டெய்னர் உட்காரும் பாட்டின் லிமிட் 1 ஜிபி, 1 சிபியு. மேக்ஸ்ராம்பெர்சன்டேஜ் (ராமில் ஹீப்புக்கான சதவீதம்) 90 வைத்திருக்கிறோம், இடமெல்லாம் வீணாகக் கூடாதே என்று. தினம் இரண்டு தடவை 137 என்ற எக்ஸிட் கோடோடு விழுகிறது. ஹீப் எரர் கிடையாது. அதே நோயா?

கிழட்டுப்பூனை | செவ்வாய், மாலை 4.30

அதே நோய், வேறு ஊர். 137 என்றால் 128-உடன் 9, அதாவது கில் மைனஸ் 9 வாங்கியது. 1 ஜிபியில் 90 சதவீதம் ஹீப்புக்குப் போனால் மிச்சம் சுமார் 100 எம்பி. ஸ்பிரிங் பூட் செயலியின் மெட்டாஸ்பேஸ் மட்டுமே அதைத் தின்றுவிடும். ஒன்றும் போடாவிட்டால் இயல்பு 25 சதவீதம், 256 எம்பி, அது பயந்தாங்கொள்ளி அளவு. 1 ஜிபி பாட்டுக்கு நான் 60 வைத்து ஆரம்பிப்பேன். லிமிட் பெரிதாகப் பெரிதாக சதவீதத்தை ஏற்றலாம், ஏனென்றால் ஹீப்புக்கு வெளியே உள்ள செலவு அதே வேகத்தில் வளராது.

இன்னொன்றையும் பாருங்கள். 1 சிபியு என்று கொடுத்தால் ஜேவிஎம் அதை சர்வர் வகைப் பெட்டியாகவே மதிக்காது, ஜி1-ஐ விட்டுவிட்டு சீரியல் கலெக்டரை எடுத்துக்கொள்ளும். 600 எம்பி ஹீப்புக்கு அது மோசமில்லை, ஆனால் தெரியாமல் நடக்கக் கூடாது. ஜாவா எந்தப் பதிப்பு? 11-இல் 11.0.16-க்கு முந்தையது என்றால் கன்டெய்னருக்கு வரம்பு போடும் லினக்ஸின் சிக்ரூப் 2 புரியாது. பாட் ஓடும் நோடின் மொத்த ராமையும் தன் சொத்து என்று நினைத்துக்கொண்டு, அதில் சதவீதம் போடும்.

மேகமூட்டம் | செவ்வாய், மாலை 4.41

11.0.11. நோட் 32 ஜிபி. ஐயோ.

கிழட்டுப்பூனை | செவ்வாய், மாலை 4.43

அப்படியானால் அந்த 90 சதவீதம் 28 ஜிபிக்கு மேல். பாட் லிமிட் 1 ஜிபி. நோடில் சிக்ரூப் 2 தானா என்று உறுதி செய்துகொண்டு முதலில் ஜாவாவை ஏற்றுங்கள், சதவீதத்தை அப்புறம் பேசலாம்.

பைட்டுப்பொடி | வெள்ளி, மாலை 5.20

அண்ணா, டம்ப் விழுந்தது. இன்று மதியம் 3.04. கோப்பு 2.9 ஜிபி. அதற்கு முன் ஜிசி லாகில் பார்த்தவை: காலை 8 மணிக்கு, ஜிசிக்குப் பிறகு மிச்சம் 410 எம்பி. 11 மணிக்கு 480. மதியம் 2 மணிக்கு 590. மூன்று மணிக்குத் திடீரென்று நான்கு நிமிடத்தில் 2.8 ஜிபி. அப்புறம் முழு ஜிசி, மறுபடி முழு ஜிசி, மறுபடி முழு ஜிசி, விழுந்துவிட்டது.

டம்பை அலசும் கருவியான எக்லிப்ஸ் மேட்டில் திறந்தேன். முதல் தடவை மேட்டே மெமரி போதாமல் விழுந்தது, சிரித்துவிட்டேன். அதன் ஐஎன்ஐ கோப்பில் எக்ஸ்எம்எக்ஸை 6 ஜிபி ஆக்கினேன், இந்தத் தடவை என் லேப்டாப்பில். எது எவ்வளவு மெமரியைப் பிடித்திருக்கிறது என்று காட்டும் டாமினேட்டர் ட்ரீயில் முதல் வரி ஒரு எக்ஸ்எஸ்எஸ்எஃப் ஒர்க்புக், 1.7 ஜிபி. அதைப் பிடித்துக்கொண்டிருப்பது "எச்டிடிபி-நியோ-8080-எக்ஸெக்-37" என்ற த்ரெட். அதே த்ரெட்டில் ஒரு அர்ரேலிஸ்ட், அதற்குள் 4 லட்சம் வரி. இரண்டாவதாக பயனர் அமர்வுகளை (செஷன்) வைத்திருக்கும் டாம்கேட்டின் ஸ்டாண்டர்டுமேனேஜர், சுமார் 240 எம்பி.

கிழட்டுப்பூனை | வெள்ளி, இரவு 8.10

அருமை. இப்போது நோயாளி வாய் திறந்து பேசுகிறார்.

எக்ஸ்எஸ்எஸ்எஃப் என்பது அப்பாச்சி பாயின் எக்ஸெல் நூலகம். மூன்று மணிக்குக் கணக்குப் பிரிவில் யாரோ "எக்ஸெலாக இறக்கு" என்ற பொத்தானை அழுத்துகிறார்கள், அவ்வளவுதான். 4 லட்சம் வரி, எத்தனை காலம் (நெடுவரிசை)?

பைட்டுப்பொடி | வெள்ளி, இரவு 8.14

22.

கிழட்டுப்பூனை | வெள்ளி, இரவு 8.50

4 லட்சத்தை 22-ஆல் பெருக்கினால் 88 லட்சம் செல். எக்ஸ்எஸ்எஸ்எஃப் ஒவ்வொரு செல்லையும் எக்ஸ்எம்எல் ஆப்ஜெக்டாக மெமரியிலேயே கட்டிவைக்கும், முழு ஒர்க்புக்கும் முடியும்வரை ஒன்றையும் விடாது. செல்லுக்கு 200 பைட் என்று வைத்தால்கூட 176 கோடி பைட். உங்கள் 1.7 ஜிபி வந்துவிட்டதா? இரண்டு பேர் ஒரே நேரத்தில் அழுத்தினால் இரட்டிப்பு. முதல் ஆளுக்கு வரத் தாமதமானால் அவரே இன்னொரு தடவை அழுத்துவார், நாமும் அப்படித்தானே. பழைய கோரிக்கை சர்வரில் ஓடிக்கொண்டே இருக்கும்.

எஸ்எக்ஸ்எஸ்எஸ்எஃப் ஒர்க்புக்குக்கு மாற்றுங்கள். அது இயல்பாகக் கடைசி 100 வரியை மட்டும் மெமரியில் வைத்துக்கொண்டு மற்றதை டெம்ப் கோப்பில் தள்ளிவிடும். எழுதி முடித்ததும் டிஸ்போஸ் கூப்பிட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் டெம்ப் டைரக்டரி நிரம்பி வேறொரு இழை தொடங்குவீர்கள். முன்னே போன வரிக்குத் திரும்பிப் போய்த் திருத்த முடியாது. மொத்தத் தொகையை மேலே எழுதும் பழக்கம் இருந்தால் முதலிலேயே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த அர்ரேலிஸ்டை டேபிள்_துடைப்பவர் பார்த்துக்கொள்ளட்டும்.

டேபிள்_துடைப்பவர் | வெள்ளி, இரவு 9.25

மைஎஸ்க்யூஎல்லின் ஜாவா டிரைவர் இயல்பாகவே க்வெரியின் விடையை (ரிசல்ட்செட்) முழுவதுமாக இழுத்து உங்கள் ஹீப்பில் கொட்டிவிடும். நீங்கள் முதல் வரியைப் படிக்கும் முன்பே 4 லட்சமும் வந்து இறங்கியிருக்கும். அதை மறுபடி அர்ரேலிஸ்டில் நகலெடுத்து, அதை மறுபடி ஒர்க்புக்கில் நகலெடுத்து... ஒரே சோற்றை மூன்று தட்டில் வைத்திருக்கிறீர்கள்.

ஸ்டேட்மென்டை ஃபார்வர்டு ஒன்லி, ரீட் ஒன்லி என்று திறந்து செட்ஃபெட்ச்சைஸுக்கு இன்டிஜரின் மின்_வேல்யூவைக் கொடுங்கள். பார்க்க விசித்திரமாக இருக்கும், ஆனால் அந்த டிரைவருக்கு அதுதான் சங்கேதம், ஒவ்வொரு வரியாகத் தரும். அர்ரேலிஸ்ட் வேண்டாம், படித்த வரியை அப்படியே எக்ஸெலில் எழுதுங்கள். படித்து முடிக்கும்வரை அந்தக் கனெக்‌ஷனில் வேறு க்வெரி ஓட்ட முடியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். லூப்புக்கு நடுவே வாடிக்கையாளர் பெயரைத் தேட இன்னொரு செலக்ட் இருந்தால் ஜாயினாக மாற்றிவிடுங்கள். இருக்கும், எனக்குத் தெரியும்.

பைட்டுப்பொடி | வெள்ளி, இரவு 9.31

இருக்கிறது. வரிக்கு ஒன்று.

அந்த ஸ்டாண்டர்டுமேனேஜர் பற்றியும் சொல்லுங்கள் அண்ணா. திறந்து பார்த்தால் செஷன் எண்ணிக்கை 6,100 சொச்சம். எங்கள் மொத்த ஊழியர்களே 200-ஐத் தாண்ட மாட்டார்கள்.

கிழட்டுப்பூனை | வெள்ளி, இரவு 10.05

வெப்.எக்ஸ்எம்எல்லில் செஷன் டைம்அவுட் எவ்வளவு? சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் மானிட்டர் ஏதாவது உண்டா? உண்டென்றால் எந்தப் பக்கத்தைத் தட்டுகிறது?

பைட்டுப்பொடி | வெள்ளி, இரவு 10.20

டைம்அவுட் 720. "அடிக்கடி லாகின் கேட்கிறது" என்று யாரோ புகார் சொல்லி மாற்றியது போல. மானிட்டர் உண்டு, 5 செகண்டுக்கு ஒரு தடவை லாகின் பக்கத்தைத் தட்டும். அது ஜேஎஸ்பி (சர்வரில் ஓடும் ஜாவா பக்கம்).

கிழட்டுப்பூனை | வெள்ளி, இரவு 10.48

720 நிமிடம் என்றால் 12 மணி நேரம். 5 செகண்டுக்கு ஒன்று என்றால் மணிக்கு 720 தட்டு. 12 மணி நேரத்துக்கு 8,640. மானிட்டர் குக்கியை வைத்துக்கொள்ளாது, அதனால் ஒவ்வொரு தட்டுக்கும் டாம்கேட் புது விருந்தாளி என்று நினைத்து இலை போடுகிறது. ஜேஎஸ்பி பக்கம் கேட்காமலேயே செஷன் திறக்கும், பக்கத்தின் தலைப்பில் செஷன் ஃபால்ஸ் என்று எழுதினால் ஒழிய. உங்களுக்கு 6,100 மட்டும் இருப்பதால், டம்ப் விழுவதற்கு எட்டரை மணி நேரம் முன்பு சர்வரை மறுதொடக்கம் செய்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 6,100-இல் 240 எம்பி என்றால் செஷனுக்கு 40 கேபி. லாகின் பக்கம் கிளைப் பட்டியல் மாதிரி எதையோ செஷனில் வைக்கிறது. காலையில் 410, மதியம் 590 என்று மெதுவாக ஏறியதே, அதன் பெரும்பகுதி இதுதான்.

மானிட்டருக்கு செஷன் திறக்காத தனிப் பக்கம் ஒன்று கொடுங்கள். டைம்அவுட்டை 60 ஆக்குங்கள். புகார் வந்தால் என் பெயரைச் சொல்லுங்கள்.

பைட்டுப்பொடி | சனி, காலை 9.15

ஆமாம், அன்று காலை 6.30-க்குத்தான் மறுதொடக்கம் செய்தேன்! எப்படி அண்ணா...

இன்னொரு கேள்வி. புதுப் பதிப்பு போடும்போது டாம்கேட்டை நிறுத்தாமல் செயலியின் பொதியான வார் கோப்பை வெப்ஆப்ஸ் டைரக்டரியில் தூக்கிப் போடுவோம். அதிலும் வினை உண்டா?

டேபிள்_துடைப்பவர் | சனி, காலை 10.02

இவர் அடுத்த பெட்டியையும் திறக்கிறார். பூனையாரே, காபி குடித்துவிட்டு வாருங்கள்.

கிழட்டுப்பூனை | சனி, காலை 11.30

குடித்தாயிற்று. வினை உண்டு. புது வார் வந்ததும் டாம்கேட் பழைய பதிப்பின் கிளாஸ்களை ஏற்றிய கிளாஸ்லோடரை விட்டுவிட வேண்டும். ஆனால் செயலி கிளப்பிய ஒரு த்ரெட் ஓடிக்கொண்டே இருந்தாலோ, ஒரு த்ரெட்லோக்கலில் எதுவோ ஒட்டிக்கொண்டிருந்தாலோ பழைய லோடர் போகாது. அதன் எல்லாக் கிளாஸும் மெட்டாஸ்பேஸில் கூடாரம் போடும். ஐந்து தடவை வார் போட்டால் ஐந்து செயலியின் கிளாஸ்கள். கேடலினா லாகில் "அப்பியர்ஸ் டு ஹேவ் ஸ்டார்டட் எ த்ரெட்... ஹேஸ் ஃபெயில்டு டு ஸ்டாப் இட்" என்று வந்திருந்தால் அதுதான். டாம்கேட் மேனேஜரில் "ஃபைண்ட் லீக்ஸ்" பொத்தான் இருக்கிறது, அழுத்திப் பாருங்கள். அது முழு ஜிசியைக் கிளப்பும், அதனால் வேலை நேரத்தில் வேண்டாம்.

மெட்டாஸ்பேஸுக்கு இயல்பாக வரம்பே கிடையாது. மேக்ஸ்மெட்டாஸ்பேஸ்சைஸ் 384 எம்பி வையுங்கள், கெர்னல் வந்து அடிப்பதற்கு முன் ஜாவாவே வாயைத் திறந்து எரர் சொல்லும். நிரந்தர வழி, நிறுத்திவிட்டு வார் மாற்றுவது. ஷட்டவுன்தான் இப்போது ஒழுங்காக வேலை செய்யுமே.

மேகமூட்டம் | திங்கள், காலை 10.11

சிக்ரூப் 2 தான். ஜாவாவை ஏற்றி 60 வைத்தோம், வெள்ளி இரவிலிருந்து 137 இல்லை. நேட்டிவ்மெமரிட்ராக்கிங் சம்மரி போட்டு ஜேசிஎம்டியில் பார்த்தேன்: ஹீப்புக்கு வெளியே 310 எம்பி. 90 வைத்தபோது எங்கள் கணக்கில் அது வரவே இல்லை. அந்த டிராக்கிங்கை எப்போதும் விட்டுவைக்கலாமா?

கிழட்டுப்பூனை | திங்கள், காலை 10.40

5 முதல் 10 சதவீதம் வேகம் குறையும் என்று ஆரக்கிள் ஆவணமே சொல்கிறது. பார்த்தாயிற்று, எடுத்துவிடுங்கள்.

பைட்டுப்பொடி | 1-ஆம் தேதி, இரவு 7.35

மாதக் கடைசி நேற்று. இதற்குத்தான் காத்திருந்தேன்.

எக்ஸ்எம்எஸ், எக்ஸ்எம்எக்ஸ் 2 ஜிபி. ஆரம்பத்தில் இருந்த அதே 2! நேற்று ஒரே நாளில் 11 எக்ஸெல் இறக்கம். ஒரு செமஃபோர் போட்டு ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் என்று கட்டுப்படுத்தினேன், இரண்டாவது ஆளுக்கு "கொஞ்சம் பொறுங்கள்" என்று வரும். ஜிசிக்குப் பிறகு மிச்சம் 380-இலிருந்து 450 எம்பிக்குள். நாள் முழுவதும் முழு ஜிசி ஒன்றுகூட இல்லை. பிராசஸ் 2.5 ஜிபியில் நிற்கிறது. மேனேஜரிடம் ராம் வேண்டாம் என்று சொன்னேன், நம்பவில்லை.

டேபிள்_துடைப்பவர் | 1-ஆம் தேதி, இரவு 7.52

அப்படியானால் 2 ஜிபிக்கு மேல் சும்மா கிடக்கிறது. பஃபர் பூலை 3 ஆக்குங்கள். இத்தனை நாள் பொறுமையாக இருந்தேன்.

காசுகணக்கு | 1-ஆம் தேதி, இரவு 8.05

சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் 16 போட்டிருந்தால் நாமெல்லாம் இவ்வளவு பேசியிருக்க மாட்டோம்.

பைட்டுப்பொடி | 1-ஆம் தேதி, இரவு 8.30

ஒரு சின்னப் பிரச்சினை மட்டும் மிச்சம். கணக்குப் பிரிவு அக்கா ஃபோன் பண்ணினார். சர்வர் விழாததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "ஏன்ப்பா, எக்ஸெலில் தேதி காலமெல்லாம் வெறும் ஹேஷ் ஹேஷாக வருது?" என்கிறார். எஸ்எக்ஸ்எஸ்எஸ்எஃப்-க்கு மாறியதும் ஆட்டோசைஸ்காலம் எரர் அடித்தது, அதனால் அந்த வரியை எடுத்துவிட்டேன்.

கிழட்டுப்பூனை | 1-ஆம் தேதி, இரவு 8.41

வரிகள் டெம்ப்புக்குப் போய்விட்டால் அளந்து பார்க்க அதற்கு ஆள் இல்லை. ட்ராக்ஆல்காலம்ஸ் என்று ஒரு வழி உண்டு, ஆனால் ஒவ்வொரு செல்லையும் அளந்துகொண்டே போகும், 88 லட்சத்துக்கு மெதுவாகிவிடும். அகலத்தை நீங்களே வைத்துவிடுங்கள். செட்காலம்விட்த்தில் எண் எழுத்தின் 256-இல் ஒரு பங்காக இருக்கும். தேதிக்கு 12 பெருக்கல் 256 போதும், அக்காவுக்கு 14 வையுங்கள்.